சிக்னலில் உதறும் கார்: ஐட்லிங் கோளாறை அறிகுறியை வைத்துப் பிடிக்கும் வழி

ஓடும்போது கார் நன்றாகத்தான் இருக்கிறது, நின்றால்தான் தகராறு. ஐட்லிங், அதாவது வண்டி நின்றிருக்க என்ஜின் மட்டும் மெதுவாகச் சுழலும் நிலை, அதில் கோளாறோடு வருகிற பெரும்பாலானவர்கள் சொல்வது இதுதான். காரணம் எளிது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகடு ஏறக்குறைய முழுதாக மூடிக்கொள்கிறது. ஓரத்தில் இருக்கும் மெல்லிய இடைவெளி வழியாக வரும் கொஞ்சக் காற்றை வைத்துத்தான் என்ஜின் தன்னையும் சுழற்றிக்கொண்டு, ஏசி, ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் இழுக்க வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு ரப்பர் ஹோஸின் சின்ன வெடிப்பு வழியாக நுழையும் காற்று கணக்கிலேயே வராது. 800 ஆர்பிஎம்மில் அதே காற்று மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும். பிளக், காயில், சென்சார் எதில் லேசான குறை இருந்தாலும் அது முதலில் தலைகாட்டும் இடம் ஐட்லிங்தான்.

இதனாலேயே ஐட்லிங் கோளாறுக்குப் பார்ட் மாற்றிப் பார்க்கும் வைத்தியம் அதிகம் நடக்கிறது. பிளக்கை மாற்று, சரியாகவில்லையா, சென்சாரை மாற்று, அதுவும் இல்லையா, திராட்டில் பாடியையே மாற்று. ஆயிரக்கணக்கில் செலவான பிறகு, கடைசியில் ஒரு ஹோஸ் கிளிப்பில் போய் முடியும். கோளாறு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை முதலில் கவனித்து எழுதிவையுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோல் தெளிக்கும்) பெட்ரோல் கார்களுக்கு, அதாவது இன்று நம் தெருவில் ஓடும் ஹேட்ச்பேக், செடான்களில் பெரும்பாலானவற்றுக்கு. டீசலுக்கு இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை, ஹை பிரஷர் பம்ப் என்று வேறு பாதை உண்டு. அதை இதோடு கலக்க வேண்டாம்.

எது இயல்பு என்று முதலில் தெரிய வேண்டும்

சூடான என்ஜின், ஏசி ஆஃப், கியர் நியூட்ரலில் இருக்கும்போது ஆர்பிஎம் முள் 700க்கும் 900க்கும் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே 1200, 1500 வரை போய், சில நிமிடங்களில் மெல்ல இறங்குவது கோளாறு அல்ல. என்ஜின் சீக்கிரம் சூடாகட்டும் என்று இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வேண்டுமென்றே செய்வது. ஏசி கம்ப்ரசர் இணையும் நொடியில் முள் லேசாகக் குனிந்து நிமிர்வதும், ரேடியேட்டர் ஃபேன் கிளம்பும்போது ஒரு கணம் தயங்குவதும் இயல்புதான்.

மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ஆல்டோ கே10, க்விட், டியாகோ பெட்ரோல் போன்றவை பிறவியிலேயே நான்கு சிலிண்டர் என்ஜினைவிடக் கொஞ்சம் அதிகம் அதிரும். பழைய நான்கு சிலிண்டர் காரை விற்றுவிட்டு இவற்றுக்கு மாறியவர்கள் முதல் மாதத்திலேயே 'உதறுது' என்று வருவார்கள். அதே மாடலில் நண்பர் ஒருவருடைய காரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடலாம்.

சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டதும் என்ஜின் நின்று, கிளட்சை மிதித்ததும் தானே ஸ்டார்ட் ஆனால் அது ஐட்லிங் ஸ்டாப் வசதி. செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்கள் பலர் இதைக் கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள்.

கையில் என்ன வேண்டும்

ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றும், மொபைலில் அதற்கான ஒரு ஆப்பும் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகிவிட வேண்டியதுதான். அப்புறம் ஒரு மல்ட்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், டார்ச், சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில். இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டாம்.

காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும். ஹேண்ட்பிரேக், நியூட்ரல், சக்கரத்துக்கு ஒரு கல். ஓடும் என்ஜின் மேல் குனியும்போது துண்டு, துப்பட்டா, சேலைத் தலைப்பு, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும்.

ஆர்பிஎம் குறைந்துபோய், நின்றால் ஆஃப் ஆகிறது

பிரேக் அடித்து சிக்னலில் வந்து நிற்கும்போது முள் 500, 400 என்று சரிந்து, என்ஜின் அணைந்துவிடும். லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்திருந்தால் ஓடும். ஐம்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய காரில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது திராட்டில் பாடியில் படிந்த கரியை.

ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டமான பித்தளை நிறத் தகடு தெரியும். அதை விரலால் லேசாகச் சாய்த்தால், தகடு சுவரைத் தொடும் இடத்தில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு வளையம் இருக்கும். கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்து கட்டிய படிவம் அது. ஐட்லிங்குக்குக் காற்று போக வேண்டிய இடைவெளியை அந்த வளையம் அடைத்துவிடுகிறது. வேகமாக ஓடும்போது தகடு திறந்துவிடுவதால் எந்தக் குறையும் தெரியாது.

திராட்டில் பாடி கிளீனர் என்றே கேட்டு வாங்குங்கள். காட்டமான கார்புரேட்டர் கிளீனர் சில கார்களில் தகட்டின் ஓரத்தில் உள்ள பூச்சைக் கரைத்துவிடும். நேராகப் பீய்ச்சாமல், பஞ்சு உதிராத துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். மூலைகளுக்கு மென்மையான பழைய டூத்பிரஷ் போதும். ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் சாவியை எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது மோட்டார் தகட்டை இயக்கினால் விரல் மாட்டிக்கொள்ளும்; நீங்கள் தகட்டை முரட்டுத்தனமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் பாழாகும்.

கேபிள் உள்ள பழைய கார்களில் திராட்டில் பாடியின் பக்கத்தில் ஐட்ல் கண்ட்ரோல் வால்வு தனியாக இருக்கும். அதன் ஊசி முனையிலும் அது உட்காரும் துளையிலும் இதே கரி படியும். ஸ்க்ரூவைக் கழற்றி, ஊசியைத் திருகாமல், இழுக்காமல் துடைத்து மாட்டுங்கள். ஸ்கேனரில் பி0505 அல்லது பி0506 என்ற பிழைக் குறியீடு வந்திருந்தால் கவனம் இந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

சுத்தம் செய்த பிறகு சில கார்களில் ஆர்பிஎம் வழக்கத்தைவிட ஏறி நிற்கும். பதற வேண்டாம். அடைப்பு இருந்த காலத்தில் தகட்டை எவ்வளவு கூடுதலாகத் திறக்க வேண்டும் என்று இசியு கற்று வைத்திருந்தது. அது இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கிறது. ஏசி, லைட் எல்லாவற்றையும் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓரிரு முறை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விடுங்கள். பிறகு ஏசி போட்டு இன்னும் சில நிமிடம். பல கார்களுக்கு இதுவே போதும். சிலவற்றுக்கு ஸ்கேனரில் ஐட்ல் லேர்னிங் கட்டளை கொடுத்தால்தான் சரியாகும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். திராட்டில் தகடு மோதி நிற்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் பெயிண்ட் குறி வைத்திருப்பார்கள். ஐட்லிங் குறைகிறது என்றதும் அதைத் திருகி ஏற்றிவிடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். எம்பிஎஃப்ஐ காரில் அதைத் தொட்டால் தகடு முழுதாக மூடியிருக்கிறதா என்பதே இசியுவுக்குக் குழம்பிப்போகும். அடுத்த மாதம் ஆர்பிஎம் இறங்காமல் நிற்கும், பெட்ரோல் குடிக்கும். யாராவது அதைத் திருகக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

ஆர்பிஎம் இறங்க மறுக்கிறது, அல்லது ஏறி இறங்கி ஊசலாடுகிறது

சூடான பிறகும் 1200, 1500லேயே நிற்கிறது. அல்லது 1000க்கும் 1800க்கும் நடுவே ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. முதலில் எளிதானவற்றைத் தள்ளிவிடுங்கள்: ஃப்ளோர் மேட் ஆக்சிலரேட்டர் மேல் ஏறியிருக்கிறதா? கேபிள் வகை என்றால் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா, இழுத்துப் பிடித்திருக்கிறதா? இரண்டும் சரி என்றால், கள்ளத்தனமாக எங்கிருந்தோ காற்று நுழைகிறது. ஷெட்டில் இதை வேக்குவம் லீக் என்பார்கள்.

திராட்டிலுக்குப் பின்னால் உள்ள இன்டேக் மேனிஃபோல்டில் ஐட்லிங்கில் பலமான உறிஞ்சல் இருக்கும். அங்கே உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் சாதாரணமாக 30, 35 கிலோபாஸ்கல் காட்டும். வெளியே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 100. ஏசி ஆஃபில், சூடான ஐட்லிங்கில் இது 45, 50 என்று இருந்தால் எங்கோ ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர்ச் சின்ன கார்களில் பெரும்பாலானவை இந்த மேப் சென்சாரை நம்பித்தான் பெட்ரோலை அளக்கின்றன. ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் இசியு பெட்ரோலையும் கூட்டும், ஆர்பிஎம் ஏறும். பி0507 வரும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், 'காலை எடுத்துவிட்டார், வண்டி சரிவில் உருண்டுகொண்டிருக்கிறது' என்று நினைத்து இசியு பெட்ரோலை நிறுத்தும், ஆர்பிஎம் விழும், திரும்பப் பெட்ரோல் வரும், திரும்ப ஏறும். அந்த ஊசலாட்டம் இப்படி வருவதுதான். உள்ளே வரும் காற்றின் அளவையே நேராக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த கார்களில் கதை வேறு: நுழைந்த காற்று அளக்கப்படாததால் பெட்ரோல் போதாமல் போகும். என்ஜின் உதறும், பி0171 வரும்.

தேடும் முறைக்கு வருவோம். முதலில் காது. 'ஸ்ஸ்' என்று சீறும் சத்தம் எங்கிருந்தாவது வருகிறதா? அடுத்து, மேனிஃபோல்டில் சொருகியிருக்கும் ஒவ்வொரு ரப்பர் குழாயின் முனையையும் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் கிளிப்புக்கு அடியிலோ வளைவின் உட்புறத்திலோதான் ஒளிந்திருக்கும். மேலே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். அப்புறம் சந்தேகப்படும் இணைப்புகளிலும் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும், ஆர்பிஎம் சட்டென்று மாறும். ஷெட்டுகளில் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள். சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கும்போது எரியக்கூடிய ஸ்பிரேயை வீட்டில் யாரும் அடிக்க வேண்டாம்.

இரண்டு இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று பிசிவி வால்வு, கிராங்க்கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்புவது. ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். மூடி ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தால், திறந்ததும் பலமாக உறிஞ்சி ஐட்லிங் தலைகீழாக மாறினால், பிசிவி திறந்தபடி மாட்டிக்கொண்டது அல்லது அதன் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது.

இன்னொன்று பிரேக் பூஸ்டர், மேனிஃபோல்டின் உறிஞ்சலை வைத்து பிரேக் பெடலை லேசாக்குவது. பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி இருக்கும்போது ஐட்லிங் மாறுகிறது, காலடியில் சீறல் கேட்கிறது என்றால் பூஸ்டரின் சவ்விலோ அதன் பெரிய ஹோஸிலோ ஓட்டை. உறுதி செய்ய, என்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். அப்படியே மிதித்துப் பிடித்து ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஐட்லிங்கை மறந்துவிட்டு முதலில் பிரேக்கைச் சரிசெய்யுங்கள். அதுவரை காரை எடுக்க வேண்டாம்.

மழை தொடங்கினால் எலிகள் போனட்டுக்குள் குடிவந்துவிடுகின்றன. நான் பார்த்த ஒரு ஹேட்ச்பேக்கில் முந்தின நாள் இரவு வரை எந்தக் குறையும் இல்லை; காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1800லேயே நின்றது. மேலிருந்து பார்த்தால் எல்லா ஹோஸும் சரியாகவே இருந்தன. பிரேக் பூஸ்டர் ஹோஸின் அடிப்பக்கம் விரலை ஓட்டியபோதுதான் இரண்டு பல் தடம் தட்டுப்பட்டது. ஒன்று உள்ளே வரை இறங்கியிருந்தது. பேட்டரி தட்டின் மூலையில் வேப்பங்கொட்டையும் பஞ்சும் கிடந்தன. இரவோடு இரவாக வந்த கோளாறு என்றால் ஸ்கேனரை எடுப்பதற்கு முன் எலித் தடத்தைத் தேடுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், பெட்ரோல் பைப்பையும் அது கடித்திருக்கக்கூடும்.

ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம், அதாவது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு, பார்க்கக் கற்றுக்கொண்டால் ஊகத்துக்கு வேலை குறையும். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஐட்லிங்கில் +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +5க்கு வந்துவிட்டால் வேக்குவம் லீக் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம், குறிப்பாக மாஸ் ஏர்ஃப்ளோ வகைகளில். மாறாக ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். மைனஸில் பெரிய எண் என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது என்று பொருள். அப்போது இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, டேங்கின் ஆவியை அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தே கிடக்கிறதா என்று பாருங்கள்.

தட்டுத் தட்டென்று மிஸ்ஸிங், உதறல்

முள் பெரிதாக மாறாது. ஆனால் சீட்டிலும் ஸ்டியரிங்கிலும் ஒரு தாளத்தோடு உதறல் வரும். சைலன்சர் முனையில் உள்ளங்கையை ஓரடி தள்ளிப் பிடித்தால் 'புஸ்… புஸ்…' என்று விட்டு விட்டு அடிக்கும். ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. செக் என்ஜின் லைட் எரிந்தால் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒன்று இருக்கும், கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி வருகிறது. அந்த லைட் மினுக்கினால் காரை ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே கெடுக்கும். அது ஸ்பார்க் பிளக் விலையில் முடிகிற செலவு இல்லை.

என்ஜின் ஆறிய பிறகு, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில்களைக் கழற்றுங்கள். முதலில் பிளக் குழிக்குள் டார்ச் அடியுங்கள். அங்கே ஆயில் தேங்கியிருந்தால் ராக்கர் கவர் கேஸ்கெட் போய்விட்டது. பிளக் மட்டும் மாற்றினால் சில வாரத்தில் மிஸ்ஸிங் திரும்பும். குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் மணல் சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள். முனையில் பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி போல் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது என்ஜின் அதிகச் சூடு. நான்கில் ஒன்று மட்டும் மாறுபட்டு இருந்தால் உங்கள் தேடல் அந்த ஒரு சிலிண்டருக்குள் சுருங்கிவிட்டது. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியே கசிந்திருக்கிறது. பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும். இடைவெளி பெரும்பாலான கார்களுக்கு 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும், சரியான அளவு ஓனர்ஸ் மேனுவலில் உண்டு. மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய வேலை.

பிளக் நன்றாக இருக்கிறதா? சரி, இப்போது காயிலை இடம் மாற்றுங்கள். பி0302 வந்த காரில் இரண்டாவது காயிலை மூன்றாவதில் போட்டு, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று மாறி வந்தால் குற்றவாளி காயில். அங்கேயே நின்றால் இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் 'டிக் டிக்' என்று கேட்க வேண்டும், மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். சத்தமே இல்லாவிட்டால் மல்ட்டிமீட்டரில் அதன் ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள், பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் வரும்.

பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றும் சரி, ஆனாலும் அதே சிலிண்டர் என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். சிலிண்டர்களுக்கு நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வோ ரிங்கோ கேஸ்கெட்டோ. இந்த இடத்தில் வீட்டு வேலையை நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏசி போட்டால் மட்டும்

ஏசி இல்லாமல் ஐட்லிங் சுத்தமாக இருந்து, ஏசி போட்டதும் சரிந்தால் மூன்று இடம். ஒன்று, மேலே சொன்ன திராட்டில் கரி: ஏசிக்குத் தேவையான கூடுதல் காற்றை விட முடியாமல் திணறுகிறது. இதுதான் அதிகம். இரண்டு, ஏசி ஃபேன். ஏசி ஆன் செய்ததும் கொஞ்ச நேரத்தில் முன்னால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால், கண்டென்சரில் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தால், கேஸை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தால் கம்ப்ரசர் சுமை எக்கச்சக்கமாக ஏறும். மே மாத மதியத்தில் மட்டும் சிக்னலில் அணைகிற கார்களில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். மூன்று, பேட்டரியும் ஆல்டர்னேட்டரும். ஏசி, ஹெட்லைட், பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாம் போட்டு பேட்டரி முனையில் அளந்தால் 13.5 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. புதிய சில கார்களில் இசியுவே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும் என்பதால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

காலையில் மட்டும், சூடானால் மட்டும்

காலை முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷன் ஆன் செய்து ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் இன்டேக் ஏர் வெப்பநிலையையும் பாருங்கள். இரவெல்லாம் நின்ற கார் என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, 27, 28 என்று இருக்க வேண்டும். ஒன்று 28, மற்றது 60 என்றால் சென்சார் பொய் சொல்கிறது. கூலன்ட் -40 காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. சூடான என்ஜினைக் குளிர்ந்ததாக நினைத்தால் இசியு பெட்ரோலை அள்ளிக் கொட்டும். ஐட்லிங் ஏறி நிற்கும், சைலன்சரில் கரும்புகையும் வாசனையும் வரும். நீண்ட தூரம் ஓட்டியும் 70 டிகிரியைத் தாண்டாவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது. தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பழைய கார் வாங்கியவர்கள் இதைச் சோதித்துவிடுங்கள்.

சூடான பிறகு திடீரென்று அணைந்து, அரை மணி ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சார் (என்ஜின் சுழற்சியை அளப்பது), காயில், ஃப்யூவல் பம்ப் மூன்றில் ஒன்று. அணைந்த உடனே இக்னிஷனை ஆன் செய்து பின் சீட் பக்கம் காது கொடுங்கள். பம்ப் இரண்டு விநாடி ரீங்கரிக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் அல்லது அதன் ரிலே. கேட்டால், செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் எண் வருகிறதா பாருங்கள். பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சார். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போகும், அது பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது.

ஆயில் மாற்றி வெகுநாளான காரில் சூடான ஐட்லிங் மட்டும் கரடுமுரடாக இருந்தால் விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) ஆயில் கண்ட்ரோல் வால்வையும் பாருங்கள். அதன் சல்லடையில் ஆயில் சேறு அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் போட்டு வந்ததும்

டேங்க் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆகத் திணறி, சில நிமிடம் உதறி, பிறகு சரியாகிறதா? பர்ஜ் வால்வு. டேங்கின் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் இந்த வால்வு குளிர்ந்த ஐட்லிங்கில் மூடியிருக்க வேண்டும். ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வு முனையில் விரலை வையுங்கள். உறிஞ்சினால் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கிறது. பங்கில் கன் தானாக நின்ற பிறகும் ரவுண்டாக்கச் சொல்லி ஊற்றினால் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போகும். இந்தக் கோளாறு அங்கிருந்துதான் தொடங்கும்.

சரியாகாமல் தொடர்ந்தால் பெட்ரோலில் தண்ணீர் இருக்கலாம். இப்போது பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வைத்தால் அடியில் தனிப் படலம் தெரியும். அப்படியானால் டேங்கைக் காலி செய்வதுதான் வழி. மற்றபடி, பழைய காரில் இ20 போட்ட பிறகு ஃப்யூவல் ட்ரிம் சில சதவீதம் கூடுவது எதிர்பார்க்க வேண்டியதே.

சிஎன்ஜியில் மட்டும்

அதே சூட்டில் பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். பெட்ரோலில் சுத்தமாக ஓடினால் சிஎன்ஜி கிட்டின் ஃபில்டர், ரெட்யூசர், கேஸ் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். தேய்ந்த பிளக்கும் சிஎன்ஜியில்தான் முதலில் மிஸ்ஸிங் காட்டும், கேஸைப் பற்றவைக்கக் கூடுதல் வோல்டேஜ் தேவை. இரண்டிலுமே சூடான பிறகு உதறினால் டேப்பட் கிளியரன்ஸை (வால்வு முழுதாக மூட விடும் சின்ன இடைவெளியை) அளக்கச் சொல்லுங்கள். நெடுநாள் சிஎன்ஜியில் ஓடும் என்ஜினில் வால்வு சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், கிளியரன்ஸ் குறையும், வால்வு முழுதாக மூடாது. சத்தம் வராது என்பதால் இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

முள் அசையவில்லை, கார் மட்டும் நடுங்குகிறது

ஆர்பிஎம்மும் ட்ரிம்மும் சரி, மிஸ்ஸிங் இல்லை; ஆனால் டேஷ்போர்டு கடகடக்கிறது. என்ஜின் மவுண்டிங். சிவிடி அல்லது டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்து டி, ஆர், நியூட்ரல் என்று மாற்றி, இன்னொருவரைப் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பார்க்கச் சொல்லுங்கள். டி, ஆரில் நடுங்கி நியூட்ரலில் அடங்கினால், அல்லது என்ஜின் துள்ளினால் மவுண்ட் போய்விட்டது. ஒன்று போயிருந்தால் மற்றவற்றின் ரப்பரையும் பார்த்துவிடுங்கள்.

சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே தொடங்கிய கோளாறுக்கு இவ்வளவு தேட வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப், திராட்டிலுக்குப் போகும் குழாயின் கிளாம்ப், மாட்டாமல் விட்ட சென்சார் கனெக்டர், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு என்றால் மேலே சொன்ன ஐட்லிங் பழக்கத்தைக் கொடுத்து ஓரிரு நாள் பொறுங்கள்.

இத்தனையும் பார்த்து விடை கிடைக்காவிட்டால் ஒர்க்ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லலாம். மேனிஃபோல்டுக்குள் புகையை ஏற்றினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலிருந்தும் அது கசியும். பி0016 வந்திருந்தால் டைமிங் செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்கு அனுப்பும் அமைப்பு) உள்ள கார் என்றால் அந்த வால்வு கரியால் திறந்தபடி மாட்டியிருக்கிறதா என்பதையும். போகும்போது பிழைக் குறியீடு, சூடான ஐட்லிங்கில் ஆர்பிஎம், மேப், இரண்டு ட்ரிம், கூலன்ட் வெப்பநிலை, எப்போது வருகிறது, எதைச் செய்தால் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டுப் போகாதீர்கள். கோளாறு வந்த கணத்தின் அளவுகளையும் இசியு அதோடு சேர்த்துத்தான் பதிந்து வைத்திருக்கும்.